தோணிப் புத்தகம் எந்த வகை?

நவம்பர் 9

புத்தக விற்பனை இன்று தொடங்கியது. காலை முழுவதும் ஒரே ஒரு புத்தகத்தைத் துடைத்துப் படம் எடுத்தேன். எடுத்த படங்களில் பாதியில் என் கட்டைவிரல்தான் நன்றாக விழுந்திருக்கிறது.

தை பிறந்ததும் ஓசூருக்குப் போகிறோம், மகன் அருணாசலத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு. இனி எங்கள் இருவரையும் பாளையங்கோட்டையில் தனியே விட முடியாது என்று அவனும் மருமகளும் முடிவு செய்துவிட்டார்கள். முடிவு சரிதான். என் வீட்டுக்காரருக்குக் கண் அழுத்தம் முற்றிவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. எனக்கும் முன்போல் ஓடியாட முடியவில்லை.

பெட்டி படுக்கை போகும். புத்தகங்கள்தான் போகாது. நில அளவைத் துறையில் ஊர் ஊராகப் போன மனிதர், போன ஊரிலெல்லாம் வாங்கியவை. சுவர் நிறைய இருக்கின்றன. "ரெண்டு பெட்டிக்கு மேல வைக்க இடமில்லம்மா" என்று அருணா சொன்னான். அவன் மேல் குறையில்லை, அந்த வீட்டில் துணி காயப் போடவே இடமில்லை.

எடைக்குப் போடக் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றும் அதை வேண்டுகிறவர் கைக்குப் போக வேண்டுமாம். அதனால் மாடியில் குடியிருக்கும் மெர்சி, பழைய புத்தகம் விற்கும் தளம் ஒன்றை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வங்கியில் வேலை, சுறுசுறுப்பான பெண். படம், விலை, எந்த வகை என்ற விவரம், அவ்வளவுதான் டீச்சர் என்றாள்.

மதியம் வழக்கம்போல வாசித்தேன். சாப்பிட்டபின் நான் வாசிப்பதும் அவர் ஈஸி சேரில் சாய்ந்து கேட்பதும் பார்வை போனதிலிருந்து வழக்கம். இப்போது ஓடுவது தோணிப் புத்தகம். தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு ஏற்றிப்போன ஒருவர் தன் கதையைத் தானே எழுதியது. இன்று கொழும்புத் துறைமுகம் வரை போனோம்.

நவம்பர் 12

படம், விலை எல்லாம் எளிது. வகைதான் படுத்துகிறது.

அந்தத் தளத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரு வகைதான் தரலாம். நாலாம் வகுப்பில் தொகுத்தல் பாடம் நடத்தும்போது தக்காளியைக் கையில் தூக்கிக் காட்டி, இது காயா பழமா என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். மணி அடிக்கும் வரை விட்டுவிடுவேன். இப்போது அந்தத் தக்காளி என் கைக்கே வந்திருக்கிறது.

உதாரணத்துக்குத் தேனீ வளர்ப்புப் புத்தகம். தேனீ பூச்சி. பூச்சி உயிரியலில் வரும். ஆகவே "அறிவியல் – உயிரியல்" என்று போட்டேன். பாம்புக்கடி முதலுதவி நூலைப் பாம்பு என்பதால் "விலங்குகள்" என்று போட்டேன். முறையாகச் செய்த திருப்தி இருந்தது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் 15

மெர்சி அலுவலகத்திலிருந்து வந்ததும் என் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத யாருக்கு விக்கப் போறிய டீச்சர்? தேனீக்கா?"

தேனீ பூச்சியினம்தானே என்றேன். அது தேனீக்குத் தெரியும் டீச்சர், தேன் எடுத்துப் பிழைக்க நினைக்கிறவன் உயிரியலில் போய் ஏன் தேடப்போகிறான் என்றாள். "விவசாயம் – சுயதொழில்" என்று மாற்றினாள். இரவுச் சாப்பாட்டுக்குள் மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார். புத்தகத்தில் தேன்பெட்டி செய்யும் அளவு இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார். இருக்கிறது.

எனக்கு இது புதுப் பாடம். புத்தகம் என்ன என்று பார்த்து வகை போடக் கூடாது. அதைத் தேடி வருகிறவர் எந்த வாசலில் நிற்பார் என்று பார்த்துப் போட வேண்டும். சாம்பிராணியை நாட்டு மருந்துக் கடைக்காரர் மருந்தோடு வைக்கிறார், பூக்கடைக்காரர் பூவோடு வைக்கிறார். இரண்டு பேரும் விற்றுவிடுகிறார்கள். அதுபோல.

அவரிடம் சொன்னேன். அந்த மார்த்தாண்டத்துக்காரர் பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். நல்ல கைக்குப் போயிற்று என்றார்.

நவம்பர் 19

பாம்புக்கடி நூல் "உடல்நலம் – முதலுதவி" ஆனதும் போய்விட்டது. கிணறு வெட்டும் நூலைக் கட்டுமானத்திலிருந்து விவசாயத்துக்கு மாற்றினேன், போய்விட்டது. நட்சத்திரங்களைப் பற்றிய நூலைப் "பள்ளி அறிவியல்" என்று போட்டது பிழை. ஒரு தாய் அழைத்து, போன வருஷத்துக் கேள்வித்தாள் உள்ளே இருக்கிறதா என்று கேட்டாள். ஜோதிடத்தில் போட்டால் உடனே போகும் என்று மெர்சி சொன்னாள். நான் ஒப்பவில்லை. வாங்கிப் போகிறவர் ஏமாறக் கூடாது.

பார்சல் கட்டிக் கட்டி முதுகு வலிக்கிறது. விடாத மழை. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஈரம் இழுத்துத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. விசிறிக்கு அடியில் பரப்பி வைத்திருக்கிறேன்.

மதியம் வாசிப்பு. தோணி புயலில் மாட்டிக்கொண்டது. நடுவில் இருமல் வந்து இரண்டு முறை நிறுத்தினேன்.

நவம்பர் 23

தொண்டை டாக்டரிடம் போய்வந்தேன். இவரைத் தனியே விட முடியாதென்று கூடவே கூட்டிப்போனேன். டாக்டர் உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் சின்ன முடிச்சுகள் என்றார். வாத்தியார்களுக்கு வருவதுதான். பேச்சைக் குறைக்க வேண்டும், சத்தமாக எதையும் தொடர்ந்து வாசிக்கக் கூடாது, இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும் என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பில் நானும், இன்னொரு தடவை பேசினால் தலைமையாசிரியரிடம் அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அனுப்பியதில்லை.

வரும் வழியில் ஆட்டோவில் இவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மழைச் சாரலுக்காக என்று நினைத்தேன்.

நவம்பர் 24

இன்று வாசிக்கவில்லை. தூக்கம் வருகிறது என்றார்.

நவம்பர் 27

இன்றும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று கையால் காட்டினார்.

"போதும் உலகம்மா. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. அந்தத் தோணியையும் வித்துரு. மேல்தட்டையும் சேத்து வித்துரு."

மேல்தட்டில் இருப்பவை, பார்வை போனபின் நான் அவருக்கு வாசித்து முடித்தவை. யானைகளோடு காட்டில் வாழ்ந்தவரின் நூல், ரயில் நிலைய அதிகாரி ஒருவரின் நினைவுகள், மலையேறிய நாலு பெண்களின் கதை, இன்னும் சில. அந்த இரண்டு பெட்டிக்கு என்று நான் மனதில் ஒதுக்கி வைத்திருந்தவை.

ஒருவருக்குப் புத்தகம் அலுத்துவிட்டதென்றால் வேறென்னென்ன அலுக்கத் தொடங்கும் என்று ஒரு பயம் வருகிறது. என் அப்பா கடைசியில் முதலில் செய்தித்தாளைத்தான் வேண்டாம் என்றார். பிறகு காபியை.

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பருப்பு வேக வைத்தேன்.

நவம்பர் 28

தோணிப் புத்தகத்தைத் தளத்தில் ஏற்றினேன். எந்த வகை என்று வெகுநேரம் யோசித்தேன். "பயணம்" என்று ஒன்று இருக்கிறது. "வாழ்க்கை வரலாறு" என்று ஒன்று இருக்கிறது. அலசிப் பார்த்தால், தோணி ஒரு வாகனம். புறப்படுமுன் பாய் தைக்கும் பகுதியும் நூலில் வருகிறது. ஆகவே "வாகனம் – பழுதுபார்ப்பு" என்று போட்டேன்.

டிசம்பர் 2

மேல்தட்டையும் ஏற்றி முடித்தேன். யானை நூலில் யானைக் கணக்கெடுப்பு பற்றி ஒரு முழு அத்தியாயம் இருப்பதால் "கணக்கியல்". ரயில் அதிகாரி தந்தி அடிக்கக் கற்றதை விரிவாகச் சொல்கிறார், அதனால் "தட்டச்சு – சுருக்கெழுத்து". மலையேறிய பெண்கள் முகாமில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். "சமையல்".

எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.

டிசம்பர் 5

மற்ற புத்தகங்கள் நன்றாகப் போகின்றன. நட்சத்திர நூலைப் "பொழுதுபோக்கு" என்று மாற்றியதும் தென்காசியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் வாங்கினார். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறாராம்.

இவர் கேட்டார், தோணிக்கு ஆள் வந்ததா என்று. இல்லை என்றேன். யானைக்கு? இல்லை. "காலம் அப்படி ஆயிட்டுபோல" என்றார். நான் மறுக்கவில்லை.

மதிய வேளைதான் நகரமாட்டேன் என்கிறது. அவர் ஈஸி சேரில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்குவதில்லை, தூங்கினால் கை தளரும், எனக்குத் தெரியும். நான் கீரை ஆய்கிறேன். கீரை ஆய்வது சத்தமில்லாத வேலை.

டிசம்பர் 8

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்த மெர்சி கேக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்சல் கட்ட உதவினாள். நடுவில் என் போனை எடுத்து விற்காத புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். இவருக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஏன் டீச்சர், ஒங்க வகுப்புப் பிள்ளைங்க பரீட்சைல யானையக் கணக்கியல்னு எழுதி வச்சிருந்தா மார்க் போடுவியளா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், பேச முடியவில்லை என்பதுபோல. அவள் என்னையே பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பார்சலுக்குச் சணலை வெட்டினாள். எதையும் மாற்றவில்லை. நல்ல பெண்.

டிசம்பர் 15

அருணா பேசினான். பொங்கல் கழிந்து லாரி வருகிறது. ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. முன்பு சொன்ன இரண்டு பெட்டிக்கும் இப்போது இடமில்லையாம், மிஞ்சும் புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்டான். அவர்கள் அடுக்குமாடியில் பழைய தாள் எடுக்க ஆள் வருவானாம். அவன் தவறாகச் சொல்லவில்லை, வழி சொன்னான்.

விற்காமலிருந்தால் என்னோடு வரும் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. விற்காமலிருந்தால் எடைக்குப் போகும். இது நாலாம் வகுப்புக் கணக்கு.

டிசம்பர் 17

குரல் சுத்தமாகக் கம்மிவிட்டது. வாசிக்காமலே கம்முகிறதே என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். புத்தகம் கேட்டு வரும் அழைப்புகளுக்கு இவரே பதில் சொல்கிறேன் என்கிறார். நான் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் வைக்கிறேன், அவர் பேசுகிறார். எந்தப் புத்தகம் என்றாலும் அட்டையின் நிறம், எந்த ஊரில் வாங்கியது, எங்கே கோடு போட்டிருக்கிறது எல்லாம் சொல்கிறார். வாங்க வந்தவர்கள் புத்தகத்தை மறந்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அலுத்துப்போனவர் பேசுவதுபோல் இல்லை. கவனித்தேன். எழுதி மட்டும் வைக்கிறேன்.

டிசம்பர் 20

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று யோசித்துவிட்டு, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்த வேளையில் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் வைத்தேன். கோவில்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக். தோணிப் புத்தகத்தைத்தான் கேட்டார்.

"வாகனப் பழுதுபார்ப்புல போட்டிருந்திய. டீசல் எஞ்சின் பிரிக்கது படத்தோட இருக்கா அண்ணாச்சி?"

நான் எழுந்து போய்விட நினைத்தேன்.  இவர் ஈஸி சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வழக்கமான குரலிலேயே சொன்னார்.

"இல்ல தம்பி. இது எஞ்சின் வாரதுக்கு முந்துன காலத்துத் தோணி. பாய் மட்டுந்தான் இருக்கு. வீட்டம்மா மாத்திப் போட்டுட்டாங்க, மன்னிச்சுக்கிடுங்க."

பரவாயில்லை என்று மெக்கானிக் வைத்துவிட்டார். 

யானையை எங்கே போட்டாய் என்று இவர் கேட்டார். கணக்கியல் என்றேன். ரயில்? சொன்னேன். மலையேறிய பெண்கள்? சமையல் என்றேன். சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின் முகம் மாறிவிட்டது.

எதற்காக என்று அவர் கேட்கவில்லை. நானே, வந்த குரலில், உங்களுக்குத்தான் அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்கே இருமல் வந்தது. அவர் தண்ணீருக்காகக் கையைத் துழாவி நீட்டினார். நான் செம்பை எடுத்து அவர் கையில் கொடுக்க, அவர் அதை என்னிடம் கொடுத்தார்.

"கிறுக்கி. எனக்கு எங்க அலுத்துச்சு? கத்தி வைக்கணும்னு டாக்டர் சொன்னப்ப நானும் அங்கதான இருந்தேன். நிறுத்துன்னா நீ நிறுத்துவியா?"

நிறுத்தியிருக்க மாட்டேன். அது உண்மை.

அப்புறம் அவர் பேசினார், நான் கேட்டேன். எப்போதும் இருப்பதற்குத் தலைகீழ். மேல்தட்டில் இருப்பதையெல்லாம் அவர் வாங்கிய காலத்திலேயே படித்துவிட்டாராம். நான் வாசிக்கக் கேட்டது கதைக்காக இல்லையாம். பள்ளிக்கூடம், விடைத்தாள், அடுப்பு, பிள்ளை என்று இருந்த நான் முதல் முறையாக ஒன்றைப் படிக்கும்போது எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று கேட்பதற்காகவாம். யானைக் குட்டி குழியில் விழுந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய் வந்ததைச் சொன்னார். போன நினைவு எனக்கே இல்லை.

மேல்தட்டைச் சரியான வகையில் போடு, வேண்டியவர்கள் கண்ணில் படட்டும், அவற்றை மறைத்து வைத்துப் பழைய தாள்காரனிடம் கொடுக்காதே என்றார். சரி என்றேன். தோணி? என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும். எனக்குக் கதை தெரியும். நீதான் இன்னும் கரை சேரல."

தொண்டையைத் தொட்டு அவருக்குக் காட்ட முடியாதே. ஆனால் புரிந்துகொண்டார்.

"மனசுக்குள்ள படி. பக்கத்துல உக்காந்து படி. தாள் பெரட்டுத சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

டிசம்பர் 21

வகைகளை மாற்றினேன். யானை "இயற்கை – காடு". ரயில் "வாழ்க்கை வரலாறு". மலை "பயணம்".

டிசம்பர் 26

யானை போயிற்று, சத்தியமங்கலத்துக்கு. ரயில் போயிற்று, ஓய்வுபெற்ற ஒரு ரயில்வே கார்டுக்கு. மலையேறிய பெண்களைக் கேட்டு மூன்று பேர். முதலில் கேட்ட கல்லூரி மாணவிக்குக் கொடுத்தேன்.

சரியான இடத்தில் வைத்தால் இவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்று தெரிந்துதான் வைக்காமல் இருந்தேன். மெர்சி சணல் பிடிக்க, முடிச்சு நான் போட்டேன். மலைப் புத்தகத்தை மட்டும் இவர் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து கொடுத்தார்.

ஜனவரி 6

சுவர் வெறுமையாகிவிட்டது. அலமாரி இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக, சுற்றிலும் மஞ்சளாக இருக்கிறது. களைப்பாக இருக்கிறது. எதையோ முடித்த களைப்பா, முடிந்துபோன களைப்பா என்று வகை பிரிக்கத் தெம்பில்லை.

ஜனவரி 13

தோணிப் புத்தகத்தைத் தளத்திலிருந்து எடுத்தேன். எடுத்தால் காரணம் கேட்கிறது. மூன்று காரணங்கள் இருக்கின்றன. இங்கே விற்றது. வேறிடத்தில் விற்றது. விற்கும் எண்ணம் இல்லை.

இந்த முறை யோசிக்கவில்லை. மூன்றாவதை அழுத்தினேன்.

ஜனவரி 22

ஓசூர். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. எங்களுக்கு ஒதுக்கிய அறையில் ஒரு ஜன்னல். அது எந்தப் பக்கம் என்று இவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஈஸி சேரை அங்கே போட்டோம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

அருணாவும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீடு அமைதியாகிவிடுகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு தோணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளை வாய்க்குள் முணுமுணுக்காமல் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கே இப்போது உதடு அசைகிறது. அடக்கிக்கொண்டு படித்தேன். புயல் ஓய்ந்திருந்தது. பாய் கிழிந்து, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தோணி நிற்கிறது. தாளைப் புரட்டினேன்.

இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ரெண்டு தாளச் சேத்துப் பெரட்டிட்ட."

பார்த்தேன். பாளையங்கோட்டை மழையில் ஈரம் இழுத்த தாள்கள், ஒட்டியிருந்தன. கிழியாமல் நகத்தால் மெல்லப் பிரித்தேன். விட்ட பக்கத்திலிருந்து படித்தேன்.